துரைசானியின் தொப்பி ஊசியும் காஜா பெராங் கொண்டையும்

மலாக்கா திடலில் சுதந்திர நாளை அறிவித்த வருஷம் அது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் கணினியில் தட்டுகிறாள்.

எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். பங்களாவில் செடிகளுக்குத் தண்ணீர் விட்ட எனக்குத் துரைசானி ஓர் ஊசி கொடுத்தார். ஒன்றரைச் சாண் நீளம், தலையில் மயில்கழுத்து நிறக் கண்ணாடி மணி. தொப்பி ஊசியாம். அவருடைய அம்மா காலத்தில் தொப்பி தாம்பாள அகலம். அதைக் கொண்டையோடு கோத்து நிறுத்த இது. டிராமில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைக் கிழிக்கிறதென்று சில ஊர்களில் முனைக்கு மூடி போடச் சொன்னார்களாம். பிறகு பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள, ஊசிக்கு வேலை போயிற்று.

என்னிடம் அதற்கு வேலை இருந்தது. மலாக்கா ஊருக்குள் காஜா பெராங் என்ற பகுதியில் மலாக்கா செட்டி வீட்டு லெட்சுமியைச் சந்தையில் பார்த்துப் பழகியிருந்தேன். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறியவர்கள், அவர்களுக்கும் நம் சாமிதான். பேச்சு மட்டும் மலாய். தோட்டத்துப் பையனுக்குப் பெண் கொடுப்பார்களா? எனக்குப் பெரியவர்கள் இல்லாததால் ஊசியைச் சீராக எடுத்துக்கொண்டு நானே பெண் கேட்கக் கிளம்பினேன்.

காலை பஸ்ஸில் கண்டக்டர் ஊசியைப் பார்த்து, "சாத்தே சுடப் போறியாடா?" என்றார். இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடுவதுதான் சாத்தே.

லெட்சுமியின் அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சத்து சாஜா?" ஒன்றுதானா என்கிறார். அந்த வீட்டில் கொண்டைக்கு மூன்று ஊசி. ஒற்றையாகக் கொடுப்பது அரைமனசுக்காரன் வேலை. எனக்கு எப்படித் தெரியும்? லெட்சுமியின் தங்கை மீனாட்சி அதை அக்கா கொண்டையில் செருகினாள். மறுபக்கம் அரைச்சாண் நீட்டியது. "அக்கா, திரும்பாதே, சுவருக்குக் காது குத்திடுவே!" என்று மலாயில் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மூன்றோடு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று ஜாலான் பெண்டஹாரா என்கிற தெருப் பக்கம் ஒரு நகைப் பத்தரிடம் ஓடினேன். "இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும் அண்ணே."

"இம்புட்டு நீளத்த வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டா? இதுக்குள்ளயே மூணு இருக்கே தம்பி!"

மூன்றாக வெட்டி, தலையில்லாத இரண்டுக்கு வெள்ளிப்பூ வைத்தார். பழம்பொருள் சேர்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அம்மா மூன்றையும் தன் கொண்டையிலேயே குத்தி, தலையை ஆட்டிப் பார்த்தார். விழவில்லை. "டுடுக். மினும் கோப்பி" என்றார். உட்கார்ந்தேன். காப்பி வந்தது, லெட்சுமிதான் கொண்டுவந்தாள்.

காஜா பெராங் போகிறவர்களுக்கு: ஜாலான் பெண்டஹாராவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், வெயிலுக்கு முன் நடங்கள். பழைய கொண்டை ஊசி ஒன்றைத் தனியாக விற்றால் மற்றவை எங்கே என்று கேளுங்கள். அங்கே மலாயில் பேசுங்கள். எனக்கு வாழ்க்கைப்பட்ட லெட்சுமி போய்ப் பல வருஷமாயிற்று, அவள் அம்மா அதற்கும் முன்பே. அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் இருப்பது மீனாட்சி மட்டும்தான்.