ரோட்டோடு ஒட்டிய சோளம்

என் மக்காச்சோளத்தை நாசமாக்கியவர் அந்த ஆராய்ச்சிக்கார சார்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியை அடக்க, எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு பாலிமர் கரைசல்களை எங்கள் ஊர் ரோட்டில் தெளித்தார். இரண்டும் சேர்ந்தால் மண்ணைப் பிடிக்கும் தோலாகிவிடுமாம். வெள்ளைச் சட்டை, சின்னத் தொப்பை. எதைக் கண்டாலும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். நாங்கள் சோளம் காயப்போடுவதே அந்த ரோட்டில்தான் என்று அவருக்குத் தெரியாது. வெறும் தண்ணீர்தான், வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்து, ஈரம் காயுமுன் தெளித்த இடத்திலேயே நான் சோளத்தைக் கொட்டிப் பரப்பிவிட்டேன். மறுநாள் அள்ளப் போனால் அடிச்சோளம் முழுக்க ஒட்டிக் கிடந்தது.

“சார், ஒரு சோளமணி கூடப் பேந்து வரமாட்டேங்குதுங்க!”

குனிந்து சுரண்டினார். முகம் மலர்ந்தது. “சோளத்தையும் புடிச்சிருச்சா! லேப்ல கூட இவ்வளவு நல்லா வரலைங்க!”

“அப்ப நீங்களே வித்துக் குடுங்க.”

“ரோட்டை எப்படிங்க விக்கிறது?”

புழுதி அடங்கியது உண்மை. அதனால் அந்த மனிதரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் அடுத்த கிராம சபையில் எல்லார் முன்னாலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்: இனி நாங்கள் சோளத்தை எங்கே காயப்போடுவது?