அலிக் சொல்ல வந்த சொல்

எடின்பரோவில் எங்கள் அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இஸோபெல் ஃபிளெட்டும் நானும் பத்தொன்பது வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தொகுக்கும் புத்தகம் எங்களுடையது. அதில் வினைச்சொற்கள் அவள் பொறுப்பு. 'நடப்பது' என்று ஒன்றைக் கொடுத்தால் போதும். உலாவுவது, தள்ளாடுவது, விறுவிறுவென்று போவது என்று அதன் சொந்தபந்தம் முழுவதையும் ஆளுக்கொரு அட்டையில் எழுதி, யார் பக்கத்தில் யார் என்று முடிவு செய்வாள். ஒரு சொல் இடம் மாறி விழுந்துவிட்டால் அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

எனக்கு அவளைப் பிடிக்கும். பேசுவதுதான் அவஸ்தை. "மழை கொட்டுது" என்றால் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டலை ரோனா, தூறுது" என்பாள்.

அவள் கணவர் அலிக் நகரப் பேருந்து ஓட்டினார். வடகிழக்குக் கடலோரத்தில் மீன்பிடி ஊர்க்காரர். அந்த ஊர்ப் பேச்சு எடின்பரோக்காரர்களான எங்களுக்கே பாதிதான் புரியும். கல்யாணமான புதிதில் அவர் வாயைத் திறந்தாலே இஸோபெல் திருத்துவாள். அவரும் முப்பது வருடத்தில் திருந்தியே போனார். "வீட்டுக்குள்ள பேசறதுக்கும் பரீட்சை வெச்சா மனுஷன் என்னம்மா பண்ணுவான்?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவள் மீது அவருக்கு அத்தனை பிரியம்.

எழுபத்து நான்காம் வருடம் பிப்ரவரியில் ஒரு காலை, தலை வலிக்கிறது என்றவரை மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினாள். பணிமனையில் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு இறங்கியவர் அங்கேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரியும், தலையாட்டுவார், அவருக்குச் சொல்தான் வராது. இன்னொரு முறை வரும், அதைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை இஸோபெல் கோட்டை மாட்டும்போது, இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "ப்... ப்..." என்றாராம். அதற்கு மேல் வரவில்லை. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக ஆங்கில 'பி' எழுத்து அட்டைகளின் இழுப்பறையை உருவினாள்.

"எங்கிட்ட ஏதோ சொல்லணும்னு பார்க்கிறார் ரோனா. வினைச்சொல்தான், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. அவர் சாகறதுக்குள்ள அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அப்படி என்னடி இருக்கப் போகுது?"

"பழி சொல்றதுன்னு ஒரு வினை இருக்கே, அதுவும் 'பி'தான். தலைவலின்னு சொன்ன மனுஷனை வண்டி ஓட்ட அனுப்பினவ நான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கீழ்வீட்டு அம்மாளை அவருக்குக் காவல் வைத்துவிட்டு வருவாள். அட்டைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு மதியம் வீட்டுக்கு ஓடுவாள். ஒரு வியாழக்கிழமை நானும் போனேன். அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கொண்டுவருவதா? வாங்குவதா? குளிப்பாட்டுவதா? நம்புவதா? புதைப்பதா? ஆங்கிலத்தில் எல்லாமே அந்த எழுத்தில் தொடங்கும் வினைகள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பழி சொல்வதைப் படிக்கும்போது அவள் குரல் உடைந்தது. அதற்கும் பலமாக இல்லை என்றார். தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. கட்டு தீர்ந்ததும் அவள் கோட்டை எடுக்க, அவர் மறுபடி "ப்... ப்..." என்று அதன் ஓரத்தைப் பிடித்தார்.

"இதோ, அரை மணி நேரம்பா. அடுத்த இழுப்பறையையும் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வந்தாள். நான் அவளுக்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடச்சி நான், எனக்கும் உறைக்கவில்லை.

இப்படியே ஆறு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை அவருடைய அக்கா எல்ஸ்பெத் ரயிலேறி வந்தார், செய்தித்தாளில் சுற்றிய புகைமீனோடு. அன்றைக்கு அலுவலகம் விடுமுறை. ஆனால் சாவி என்னிடம் இருந்தது, இஸோபெலைக் கூட்டிப்போக வந்திருந்தேன். அவள் கோட்டில் ஒரு கையை நுழைத்தாள். அலிக் ஆரம்பித்தார். மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த எல்ஸ்பெத் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா தம்பி? பைடா? பைடுன்னா சொல்றே?"

அலிக் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வாய் கோணியபடி அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னார். "பைட்." பிறகு குழந்தை மாதிரி அழுதார்.

அவர்கள் ஊரில் அதற்கு 'இரு, போகாதே' என்று அர்த்தம்.

எங்களிடமும் அந்தச் சொல்லுக்கு அட்டை இருந்தது. நாட்டுப்புறப் பேச்சு புத்தகத்தில் ஏறக்கூடாது என்பது அலுவலக விதி. இஸோபெலே அதைப் பென்சிலால் அடித்துக் கழித்திருந்தாள். நகரத்துக்கு வந்து, திருத்தி எழுதப்பட்ட மனுஷனுக்குக் கடைசியில் மிஞ்சியது அம்மா வீட்டுச் சொல் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் தேடவே இல்லை.

"ஏன்டி இஸோபெல்," என்றார் எல்ஸ்பெத். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஆறு வாரமா உன்னைப் போகாதே போகாதேன்னு கெஞ்சியிருக்கான். அவன் என்ன சொல்றான்னு தேடறதுக்கே நீ தினம் கிளம்பிப் போயிருக்கியே."

இஸோபெல் பாதி மாட்டிய கோட்டைக் கழற்றினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் ரொட்டி வாங்கக்கூட வெளியே போகவில்லை. அவரும் அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை. செவ்வாய் காலை அவர் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது பாதிரியார் அவளிடம் வந்தார். "கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்களேம்மா. அந்த ஆறுதல் போதும்."

"மூணு நாள்," என்றாள் இஸோபெல். "நாப்பத்தஞ்சு நாள்ல மூணு நாள்."