அம்மாவின் காலுறை

எங்கள் வீட்டில் நாய்க்குத்தான் முதலில் காலில் ஆப்பரேஷன் நடந்தது. பாசார் சந்தைக்கு முன்னால் மோட்டார்சைக்கிள் இடித்துப் பின்னங்கால் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். காப்பி நிறம் என்பதால் பெயர் கோப்பி. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. குரைப்பதில் மட்டும் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்திலேயே பெரிய நாய்.

நாய் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ஓடவிடாதே, படியேறவிடாதே என்றவர், கால் விரல்களைத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் குளிர்ந்தாலோ கறுத்தாலோ வாடை வந்தாலோ உடனே தூக்கி வர வேண்டுமாம். தாமதித்தால் காலையே எடுக்க வேண்டி வரும். கூட வந்திருந்த அம்மா, "கால எடுத்துட்டா எப்படி நடக்கும், கேளு" என்றார். கேட்டேன். மூன்று காலில் நாய் நன்றாகவே ஓடும் என்று டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நாய் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சண்டை போட்டவர் அன்றிலிருந்து அதற்குத் தாதியானார். சமையலறையில் கூண்டு வைத்தோம். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அம்மா உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் தையலைச் சுற்றித் துடைப்பார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு மோந்து பார்ப்பார். "சூடாத்தான் இருக்குலா" என்பார். குரலில் சந்தோஷம் இருக்காது.

அந்த நாட்களில்தான் அம்மா வீட்டுக்குள் காலுறை போட ஆரம்பித்தார். அப்பா பாயான் பாரு தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் கறுப்புக் காலுறை. பினாங்கு வெயிலில் யார் வீட்டுக்குள் காலுறை போடுவார்கள்? கேட்டால் தரை குளிர்கிறதாம். சாமி மேடைப் பக்கமும் போவதில்லை. விளக்கேற்றுவது என் தலையில் விழுந்தது. நாயைத் தொட்டுவிட்டுச் சாமியிடம் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று நானே முடிவு கட்டினேன். நானும்தான் நாயைத் தொடுகிறேன் என்பது அந்தப் பத்து வயது மூளைக்கு எட்டவில்லை. வீட்டில் மஞ்சள் வாடை, அதோடு இன்னொரு வாடை. பழியைக் கோப்பி மேல் போட்டுக் கூண்டுத் துணியைத் துவைத்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பெரிய மாமாவுக்கும் அதுதான். அவருக்கு முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அப்புறம் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பயத்தில்தான் அம்மா கறுத்துப்போன தன் விரலைக் காலுறைக்குள் மறைத்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். காலுறையோடு சாமி முன்னால் நிற்க முடியாது; கழற்றினால் நாங்கள் பார்த்துவிடுவோம். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலை எடுத்தும் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை பிறகுதான்.

அம்மா காய்ச்சலில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கோப்பி நான்கு காலையும் ஊன்றி நடந்தது. சமையலறையைக் கடந்து நேராக அம்மாவிடம் போய்க் காலுறையை நக்கியது. அம்மா அதை விரட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் பின்னங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கைதட்டினேன். வேலை முடிந்து வந்த அப்பாவிடம் ஓடி, கோப்பி நடந்துவிட்டது, அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டார் என்று சொன்னேன். அப்பாவும் குனிந்து நாயின் காலைத்தான் பார்த்தார்.