அறுபத்து நான்காவது கண்ணி

பல்செட் செய்கிறவளுக்கும் போர் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. பல் கட்டும் கூடத்தில் கூட வேலை பார்த்தவர்களோ ஒரு படி மேலே போனார்கள்.

"பல்செட்டக்கா, உங்க டாங்கிக்கு எப்ப பல்லு முளைக்கும்?"

"முதல்ல உன் வாய்க்கு அளவெடுக்கிறேன். அதுதான் ரொம்ப நீளமா இருக்கு" என்பாள் அவள், கையிலிருந்த மெழுகை விடாமலே.

அது டாங்கியும் இல்லை. பத்து வீரர்களை வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு, டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியின் மேல் ஊர்ந்து போகும் கவச வண்டி. அவளுடைய அண்ணன் அதைச் செயின் வண்டி என்பார். பதினேழு வருஷம் அதை ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. மிச்சம் இருந்தது ஞாபகம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள வீட்டிலேயே ஆள் தயாரானபோதுதான் அவளுக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது.

புதிதாகத் திறக்கவிருந்த படைக்கலக் காட்சிக்கூடம் பழைய வண்டிகளின் சிறு மாதிரிகளைக் கேட்டிருந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அளவு, பதினாறில் ஒரு பங்கு. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் மெழுகில் செதுக்கினாள். அதற்கு அச்சு எடுத்து, பல்செட்டில் ஈறுக்கு ஊற்றுகிற ரோஸ் நிறப் பொருளையே ஊற்றி, நூற்று இருபத்தேழு கண்ணிகளை வார்த்தாள். ஒவ்வொன்றையும் பித்தளைக் கம்பியால் அடுத்ததோடு கோத்தாள். இடது பக்கம் அறுபத்து மூன்று. வலது பக்கம் அறுபத்து நான்கு.

இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் அண்ணன் மகன் தலையில் கை வைத்தான்.

"அப்பா, ஒரே வண்டிக்கு ரெண்டு பக்கமும் வேற வேற கணக்கா? ஒரு காலுக்கு அஞ்சு விரல், இன்னொரு காலுக்கு ஆறு விரல்னு சொல்ற மாதிரி இருக்கு."

"சக்கரத்தைத் தாங்குற முறுக்குக் கம்பி, வண்டிக்கு அடியில இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் குறுக்கே போகுதுடா. ரெண்டு பக்கத்துக் கம்பியும் ஒரே இடத்துல படுக்க முடியுமா? ஒண்ணு பக்கத்துல ஒண்ணுதான் படுக்கும். அதனால ஒரு பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் முன்ன நிக்கும், இன்னொரு பக்கத்துது கொஞ்சம் பின்ன நிக்கும். புதுச் செயின் மாட்டினா வலது பக்கம் ஒரு கண்ணி கூட வேணும். நான் எத்தனை தடவை மாட்டியிருக்கேன் தெரியுமா?"

மகன் கைப்பேசியில் படங்களைத் தேடினான். படம் என்றால் ஒரு பக்கம்தானே தெரியும்! அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவன் பையிலிருந்து ஒரு தாள் விழுந்தது. முதியோர் இல்லத்துக்கான விண்ணப்பம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது. 'நினைவாற்றல்' என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தான்: 'குழப்பம். அடுப்பை அணைக்க மறந்தார். ஓட்டிய வண்டியைப் பற்றியே தவறாகச் சொல்கிறார்.'

"நீ நல்லா இருப்பியாடா?" என்று கேட்டாள் அவள். அதற்குள் அவள் அதைச் சத்தமாகப் படித்திருந்தாள்; அண்ணனுக்கும் கேட்டிருந்தது.

"அத்தை, நானும் என் வீட்டுக்காரியும் வேலைக்குப் போயிடறோம். பகல்ல அப்பா தனியா இருக்கார். பயமா இருக்கு."

"பயமா இருந்தா பயம்னு எழுது. உனக்குத் தெரியாததை எல்லாம் அவரோட குழப்பம்னு எழுதாதே!"

வண்டியை முடித்த அன்று அண்ணன் அதை மடியில் வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு கண்ணியாக எண்ணினார். அறுபத்து நான்கு வந்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. கண்ணாடிப் பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணன் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அதைக் காட்சிக்கூடத்தில் ஒப்படைத்தாள்.

திறப்பு விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஒன்பதுக்கே அண்ணனும் அவளும் மகனும் போய்விட்டார்கள். முற்றத்தில், பட்டறையிலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கிய நிஜ வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. தார்ப்பாயில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விருந்தினர் இழுத்துத் திறப்பாராம்.

மேற்பார்வையாளர் பெட்டியைத் திறந்துவிட்டார். அண்ணன் குனிந்து இடது பக்கத்தை எண்ணினார். "அறுபத்து மூணு." வலது பக்கத்தை எண்ணினார். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

"தங்கச்சி" என்றார். "வீட்டுல எண்ணினப்ப அறுபத்து நாலு வந்துச்சே. நான்... எண்ணினேனா?"

அண்ணன், மகன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அந்தச் சீட்டு எங்கடா? ரேகை வைக்கணும்னா வச்சுடறேன். நீ சொன்னது சரிதான்."

கண் போனபோது அழாத மனிதர் அழுதார்!

அவள் மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பினாள். சக்கரங்கள் இரண்டு பக்கமும் அச்சு பிசகாமல் நேருக்கு நேர் நின்றன. வலது சங்கிலியில், கம்பியை நெம்பி எடுத்த இடத்தில், இரும்பு நிறப் பெயிண்ட் உரிந்து ஈறு நிறம் எட்டிப் பார்த்தது.

"யார் இதுல கை வச்சது?"

"சின்னத் திருத்தம்தான் மேடம்" என்றார் மேற்பார்வையாளர், பாராட்டை எதிர்பார்க்கிறவரைப் போல. "சக்கரமெல்லாம் முன்ன பின்ன கோணலா இருந்துச்சு. எங்க பெயிண்டர் சீரா ஒட்டிட்டார். ஒரு கண்ணி மிச்சம்கூட ஆச்சு."

மிச்சமாம்! பதினேழு வருஷத்து ஞாபகம் அவருக்கு மிச்சமாம்! அவருடைய மேஜையில், குண்டூசித் தட்டில், அந்தக் கண்ணி கிடந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஓட்டின மனுஷனைக் கேட்டீங்களா? உங்க கண்ணுக்குக் கோணலா தெரிஞ்சா உலகமே கோணலா?"

"மேடம், பார்க்கிறவங்க சிரிப்பாங்க. எந்த வண்டியாவது..."

"வாங்க. வெளியிலதான் நிக்குது."

"தார்ப்பாயைத் தொடக் கூடாது! ரிப்பன் கட்டியாச்சு!"

"ரிப்பனை நான் தொடலை" என்றவள், அண்ணன் மகனின் தோளைப் பிடித்தாள். "போடா உள்ளே. எண்ணு. விண்ணப்பத்துல எழுதின கையாலயே தொட்டு எண்ணு."

விழாவுக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு அவன் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தான். கைப்பேசி வெளிச்சம் உள்ளே நகர்வது தெரிந்தது. மேலேயிருந்து கீழ்வரை தடவித் தடவி எண்ணும் குரல் கேட்டது. "அறுபத்தி ரெண்டு... அறுபத்தி மூணு. இடது பக்கம் முடிஞ்சுது." வண்டியைச் சுற்றி ஊர்ந்தான். மறுபடி ஒன்றிலிருந்து. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் தலையைக் கவிழ்த்தபடி நின்றார்.

"அறுபத்தி மூணு" என்றது உள்ளேயிருந்து. வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு தேய்ந்த குரலில், "அறுபத்தி நாலு."

"சத்தமா!" என்றாள் அவள்.

"அறுபத்தி நாலு, அத்தை! சக்கரமும் முன்ன பின்னதான் நிக்குது!"

முழங்கால் முழுக்க கிரீஸோடு வெளியே வந்தவன் அப்பாவின் கையைப் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, கிழிக்கப் போனான்.

தாளின் சரசரப்பு அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. "கிழிக்காதே. அடுப்பை அணைக்க மறந்தேன், அது நிஜம். அது இருக்கட்டும். வண்டியைப் பத்தி எழுதினதை மட்டும் அடி. அப்புறம் உட்கார்ந்து பேசலாம், நான் எங்க இருக்கணும்னு. என்னையும் வச்சுக்கிட்டு."

மகன் அங்கேயே, வண்டியின் மேல் தாளை வைத்து அந்த வரியை அடித்தான். ஒரு தடவை இல்லை, தாள் ஓட்டையாகும் வரை.

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "சரி மேடம், விழா முடியட்டும். அடுத்த வாரம் திருத்திடலாம்."

"அடுத்த வாரமா? வாயில பொருந்தாத பல்செட்டை மாட்டி அனுப்பிட்டு, அடுத்த வாரம் வான்னு நான் யாரையும் சொன்னதில்லை. அந்தக் கண்ணியை எடுங்க."

உள்ளே போய் மேற்பார்வையாளருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சின்னக் கத்தியையும் இடுக்கியையும் எடுத்தாள். ஒட்டியிருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, பழைய இடத்திலேயே நிறுத்தினாள். வெளியே கார் வந்து நின்றது. விருந்தினர் காத்திருக்கிறார் என்று யாரோ வந்து கிசுகிசுத்தார்கள்.

"காத்திருக்கட்டும்" என்றாள் நிமிராமலே. "ரிப்பன் ஓடிப் போயிடாது."

கடைசிக் கம்பியைச் செருகியதும் மாதிரியை அண்ணன் முன் வைத்தாள். அவர் எண்ணவில்லை. வலது பக்கம் பெயிண்ட் உரிந்த அந்தச் சொரசொரப்பில் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்தினார்.

"இதுதானே?"

"இதுதான் அண்ணா."

"பெயிண்ட் பூசிடலாமே மேடம், ரோஸா தெரியுது" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியட்டும். யாராவது கேட்டா என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்று அவள் கண்ணாடிப் பெட்டியை மூடினாள்.