பழுது, ஏறாதீர்கள்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அவன் ‘காது’தான். எந்த லிஃப்டில் ஏறினாலும் இரண்டு மாடி போவதற்குள் தலையைச் சாய்த்து, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. வீட்டில் அக்கா கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது.

பள்ளிக்கூட டீச்சரான அந்த அக்காதான் அவனுக்காக விண்ணப்பம் போட்டவள். வெளிநாட்டில் இரண்டு வருஷம் லிஃப்ட் பொறியியல் படிக்க உதவித்தொகை. முப்பது வயது ஆகிவிட்டவர்களுக்குக் கிடையாது. அவன் முப்பதைத் தொட நாற்பது நாள்தான் பாக்கி. இதை விட்டால் ஆயுசுக்கும் கிரீஸ் துணிதான் என்று அக்கா தினமும் ஒரே பல்லவி பாடினாள். அவன் அக்கறை இல்லாதவன் போல உம் கொட்டினானே தவிர, அந்தக் கல்லூரியின் படத்தைச் செல்போனில் நாளுக்குப் பத்துத் தடவை பார்த்தான்.

நேர்காணல் அன்று அக்கா அவன் பையைச் சோதனை போட்டாள். ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், எண்ணெய்த் துணி எல்லாம் வெளியே வந்தன. ஃபைலுக்குள் சான்றிதழ்களோடு சான்றிதழாக ஓர் அட்டை இருந்தது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் கிளறாதே,” என்றாள்.

அலுவலகம் ஆறாவது மாடியில். நடுவில் யாரோ இறங்குவதற்காக லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றபோது அவன் தலை சாய்ந்தது. அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆறில் நின்றபோது லிஃப்டின் தரை வராந்தாவைவிட நாலு விரல் தாழ்ந்திருந்தது.

“பிரேக் தேஞ்சுபோச்சுக்கா. பிடி நழுவுது.”

“டேய், இன்னைக்கு நீ மெக்கானிக் இல்ல.”

“அது லிஃப்டுக்குத் தெரியாதே.”

சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடிப் போட்டு லிஃப்டை நிறுத்தினான். ஃபைலிலிருந்த அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினான்: ‘பழுது, ஏறாதீர்கள்.’ லிஃப்ட் கம்பெனிக்கும் போன் பண்ணிச் சொன்னான்.

தேர்வுக் குழு அப்போதுதான் கீழே காரைவிட்டு இறங்கியது. குழுத் தலைவருக்கு நல்ல கனத்த சரீரம். ஆறு மாடியும் ஏறி வந்து நாற்காலியில் விழுந்தவருக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது.

முதல் ஆளாக இவனைக் கூப்பிட்டார்கள். ஏன் வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்பதற்கு அக்கா எழுதிக்கொடுத்த ஒரு பக்கப் பதில் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். தலைவர் அதைக் கேட்கவில்லை.

“லிஃப்டை நிறுத்தின புண்ணியவான் யாருன்னு தெரியுமா?”

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். “நான்தான் சார்.”

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“கேட்டுட்டு வர்றதுக்குள்ள யாராவது ஏறிடுவாங்க சார். பிரேக் நழுவுது.”

“நிறுத்தாம விட்டிருந்தா எத்தனை நாள் தாங்கும்?”

அங்கேதான் மாட்டிக்கொண்டான். அவன் முகம் சுண்டிப்போயிற்று. “அது தெரியாது சார். தப்புன்னு காது சொல்லிடும். எவ்வளவு தப்பு, எத்தனை நாள் தாங்கும்னு கணக்குப் போடத் தெரியாது. அதைப் படிக்கணும்னுதான் வந்தேன்.”

“சரி, போகலாம்,” என்றார் தலைவர்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவனும் ஃபைலை மூடிப் பையில் வைத்தான். ஆனால் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்றான். கம்பெனி ஆள் வரும்வரை அட்டை மாட்டியவன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாதாம், தொழில் வழக்கமாம்.

மற்றவர்களையும் பார்த்து முடித்துக் குழு மதியம்தான் வெளியே வந்தது. தலைவர் அட்டையைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

“ரெண்டு வருஷம் கழிச்சுப் படிச்சுட்டு வந்ததும், மொதல்ல இந்த லிஃப்டுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க தம்பி.”

“அவ்வளவு நாள் எல்லாம் விடக் கூடாது சார். கம்பெனி ஆள் இப்ப வந்துட்டிருக்கார்,” என்றான்.

அக்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“டேய், அவர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?”

“என்ன சொன்னார்?” என்றான் காது.