முதல் ஐந்து அழுத்து

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்குக் கை கூசுகிற ஒரு வேலை உண்டு. காலையில் லேபில், சோதனைக்கு வைத்திருக்கும் நல்ல ரசாயன மருந்தை வீணாகக் கொட்டுவது. பாட்டில் வாயில் பொருத்தியிருக்கும் டிஸ்பென்சர், அழுத்தினால் அளவாகத் திரவம் தரும் சின்ன பம்பு. அதைத் தினமும் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, மருந்து ஏற்றி, காற்றுக்குமிழி போகும்வரை ஐந்து முறை அழுத்தி, வருவதைக் கழிவுக் கேனில் விட வேண்டும். நான் பத்து முறை அழுத்துவேன். பக்கத்து மேசை மோனிக்கா அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லோரும் இவ்வளவு கவனமா என்று பாராட்டினாள். ‘டாங்கே’ என்று நன்றி சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்ல என் ஜெர்மன் போதாது என்பது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கு. தமிழில் சொல்லவே ஆறு வருடம் பிடித்தது.

தூத்துக்குடியில் ஓர் உப்பு ஏற்றுமதிக் கம்பெனியின் லேபில் நானும் பிலோமினா அக்காவும் வேலை பார்த்தோம். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த வீட்டுப் பிள்ளை நான். ஒருநாள் காலை, பம்பு கழுவிய நீரோடு கலந்து வந்த அந்த முதல் ஐந்து அழுத்தையும், கொட்ட மனமில்லாமல் மருந்து பாட்டிலிலேயே திரும்ப ஊற்றிவிட்டேன். சுத்தம் செய்த பதிவேட்டில் ஒருவருக்காக ஒருவர் கையெழுத்துப் போடுவது எங்களுக்குள் வழக்கம். அன்று எனக்குப் பதிலாக அக்கா தன் கையெழுத்தைப் போட்டார். மருந்து நீர்த்துப்போனதால் கணக்குத் தப்பி, நல்ல உப்பை அழுக்கு என்று எழுதினோம். துறைமுகத்தில் சரக்கு நின்றது. மறுசோதனையில் மருந்து நீர்த்திருந்தது தெரிந்ததும் முதலாளி பதிவேட்டைப் பார்த்தார், அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார். நான் வாய் திறக்கவில்லை. ஜெர்மனி வேலைக்கு அந்தக் கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் எனக்குத் தேவைப்பட்டது. கேவலம், அவ்வளவுதான் காரணம்.

போன ஞாயிறு அக்கா போன் செய்தார். இத்தனை வருடம் இறால் உரித்துக்கொண்டிருந்தவருக்கு மறுபடி ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. பம்பு கழுவுவதை ஒருமுறை நினைவுபடுத்தச் சொல்லி, போயும் போயும் என்னிடம் கேட்டார். நானும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் ஐந்து அழுத்தைக் கொட்டிவிட வேண்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

“அக்கா, அன்னைக்குத் திருப்பி ஊத்துனது நான்தான்.”

“தெரியும்ளா. அன்னைக்குக் கழிவு வாளி காஞ்சு கெடந்துச்சுல்லா.”

பிறகு ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ சொல்லுவன்னு இருந்தேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்து என்ன செய்யணும், சொல்லு என்றார். சொன்னேன்.

இன்று காலையும் பத்து முறை அழுத்திக் கழிவுக் கேனில் விட்டேன். பதிவேட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த ஊரில் ஒவ்வொரு நாளுக்கு நேராகவும் என் கையெழுத்து இருக்கிறது. என் ஊரில், அந்த ஒரு காலைக்கு நேராக இன்னும் அக்காவின் கையெழுத்துதான்.