மாமா தூங்கிய மத்தியானம்

என் தாய்மாமன் பன்னிரண்டு நாள் தூங்கவில்லை. நடுநடுவே கால் மணி, அரை மணி கண்ணயர்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பன்னிரண்டு நாள் என்றுதான் சொல்வார்கள். அதை முடித்துவைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாவது வருஷம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கூட்ஸ் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரனிடம் பார்த்த அதே வேலையை அதே நாற்காலியில் உட்கார்ந்து ஜப்பான்காரனிடமும் பார்த்தார். காலையில் அவர்கள் ராஜாவுக்காக எந்தத் திசை பார்த்துக் குனிய வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் புதிது.

மாமா அம்மாவின் தம்பி. கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். சண்டைக்கு முன்னால் ஒருமுறை அரிசி மூட்டைகள் சரிந்து அவர் முதுகில் விழுந்தன. எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. கூட வேலை செய்த யாரோ கடுகளவு அபின் கொடுத்திருக்கிறார்கள். கடுகு மிளகாயிற்று, மிளகு பட்டாணியாயிற்று. வெள்ளைக்காரன் நாளில் சர்க்காரே கடை வைத்து விற்ற சாமான்தான் அது. சண்டை வந்தபின் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைக்கிற நாளில் ஒரு மனிதராகவும் கிடைக்காத நாளில் இன்னொரு மனிதராகவும் இருந்து அலுத்துப்போய், ஒருநாள் துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது, மாமாவுக்கு மலேரியா என்று.

அப்பா அவரை உள்ளே விடுவதற்குள் நிறைய யோசித்தார். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்ற பயம் அவருக்கு. கடைசியில், நிற்கவைத்தே சொன்னார்.

“பதினஞ்சு நாள் இரு. அதுக்குள்ள விட்டுட்டா இங்கயே இருந்துக்கலாம். நடுவுல ஒருவாட்டி தொட்டாலும் கெளம்பிடணும்.”

“சரி அத்தான்,” என்றார் மாமா. பிறகு பையிலிருந்து ஒரு தைல டப்பியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். “நீ வச்சுக்கக்கா. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காத.”

அம்மா அதைக் குப்பையில் எறிந்திருக்கலாம். மருந்து கிடைக்காத காலம் அது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால் கடுகளவு உதவுமே என்று நினைத்தார். மரவள்ளி மாவுப் பானைக்குப் பின்னால் டப்பியை ஒளித்துவைத்தார். நான் அப்போது அடுக்களையில்தான் இருந்தேன். அது மாமாவின் மருந்து, தூக்கம் வரவழைக்கும், சின்னப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

முதல் நான்கு நாட்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். மூக்கும் கண்ணும் ஒழுகின. வெயிலில் உட்கார்ந்திருக்கும்போதே கையில் மயிர்க்கூச்செறிந்து நிற்கும். கொல்லைக்கும் பாய்க்குமாக நடந்தார். இத்தனை கொட்டாவி விடுகிறவர் ஏன் படுத்துத் தூங்கக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். “தூக்கத்துக்கு என்மேல கோவம் பாப்பா,” என்றார்.

ஐந்தாம் நாளிலிருந்து கஞ்சி இறங்கியது. நடுக்கம் குறைந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. வெளியே போய் நடக்கவும் முடியாது. இருட்டினபின் தெருவில் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் விடிவதற்கு முன்பே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். எல்லோரும் கிழங்கு பயிரிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்த நேரம். மாமா எங்கள் கொல்லையை வெட்டி முடித்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையை வெட்டினார். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டுப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு ஆன்டிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “ஒங்க தம்பி மாதிரி ஆளு பாத்ததில்லலா! காய்ச்சலோட இப்படி ஒழைக்கிறாரே. எங்க வீட்டுக்காரரும் இருக்காரு, படுத்தா எந்திரிக்க மாட்டாரு.”

“ஆமாங்க. அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்,” என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்த வருஷம் எங்கள் வரிசையில் பாதிக் குடும்பங்கள் மாமாவின் தூக்கமின்மையை அவித்துத் தின்றன.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. மத்தியானங்களில் மாமாவின் கால்கள் தானாக உதைத்துக்கொள்ளும். எலும்புக்குள் எறும்பு ஓடுகிறது என்பார். அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்கால்மேல் ஏறி நடப்பேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, திரும்பவும் கணுக்கால். நான் நடக்கும்போது மாமா ரயில் ஸ்டேஷன்களின் பெயர்களைச் சொல்லுவார். பெட்டாலிங், சுங்கைவே, பத்து தீகா, பாடாங் ஜாவா, கிள்ளான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, பிளாட்பாரத்தில் யார் நிற்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று மனத்தால் பார்த்துவிட்டு மறுபடி ஏறவேண்டும். துறைமுகம் வருவதற்குள் தூங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். ஒவ்வொரு நாளும் துறைமுகம் வந்தது. வந்த வண்டியிலேயே திரும்பிப் புறப்படுவார்.

பன்னிரண்டாம் நாள் அம்மா ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். அப்பா வேலையில் இருந்தார். நான் மாமாவின் கால்மேல் நடந்துகொண்டிருந்தேன். சுங்கைவேக்குப் பிறகு பெயர் வரவில்லை. தூங்கிவிட்டார் என்று சந்தோஷமாகக் குனிந்து பார்த்தேன். தலையணை நனைந்திருந்தது. சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். பெரியவர்கள் அழுது நான் பார்த்ததில்லை. கீழே இறங்கி நின்றேன்.

“ஒன்னும் இல்ல பாப்பா. ஒரு மணி நேரம் தூங்கினா போதும். ஒரே ஒரு மணி நேரம்.”

எனக்கு விஷயம் மிக எளிதாகத் தெரிந்தது. மாமாவுக்குத் தூக்கம் வேண்டும். தூக்க மருந்து பானைக்குப் பின்னால் இருக்கிறது. கால் வைத்து ஏற முக்காலி இருக்கிறது. பெரியவர்கள் எப்படி இதை மறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே போய் எடுத்து வந்தேன்.

மாமா டப்பியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“யாரு குடுக்கச் சொன்னா?”

நான் எடுத்தேன் என்று சொன்னால் திட்டுவாரோ என்று பயம். “அம்மாதான் மாமா. ரொம்ப முடியலன்னா குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க.”

“அக்காவா?”

“ஆமா.”

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டப்பியை வாங்கினார். அதைத் திறக்க அவரால் முடியவில்லை, விரல்கள் வழுக்கின. நான்தான் திறந்து கொடுத்தேன்.

மாமா தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசினேன். அன்று மத்தியானம் முழுவதும் எனக்கிருந்த பெருமையை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறேன். அம்மா அரிசிப் பையோடு வந்தபோது வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதீங்க என்று சைகை காட்டினேன். அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. தம்பி தூங்கிவிட்டான் என்ற மலர்ச்சி. அப்புறம் பாய் ஓரத்தில் கிடந்த டப்பியைப் பார்த்தார். அரிசிப் பை கையிலிருந்து நழுவியது.

அப்பா வந்தபோது மாமா விழித்திருந்தார். கூடத்தில் நின்றபடியே விசாரணை நடந்தது.

“எங்கேருந்து எடுத்த?”

“பானைக்குப் பின்னாலேருந்து.”

“யாரு குடுத்தா?”

மாமா அம்மாவை ஒருதரம் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் மாமா திரும்பவே இல்லை. “நானேதான் தேடி எடுத்தேன் அத்தான். யாரும் குடுக்கல.”

நல்ல காரியம் செய்த என்னை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தம். சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அம்மா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதும் கூடவே வெளியில் வரும். மாமா அபாண்டம் சுமக்கிறார் என்று தோன்றவில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்கு மனத்துக்குள் நன்றியும் சொன்னேன்.

மறுநாள் காலை வண்டியில் மாமா போய்விட்டார். அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவித்த கிழங்கை இலையில் கட்டி என்னிடம் கொடுத்து, கொடுக்கச் சொன்னார். இந்தத் தடவை நிஜமாகவே அம்மா கொடுக்கச் சொன்னது. மாமா அதை வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினார். அதன்பின் கிழங்கு மூன்று முறை பிடுங்கி நட்டோம். அவரைப் பற்றித் தகவல் இல்லை. அப்பா அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அப்பா பழையபடி நிமிர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகு மாமா வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனால் கண் தெளிந்திருந்தது. துறைமுகத்தில் காலியாகக் கிடந்த ஒரு மூட்டைக் கிட்டங்கியில் தனியாகவே இருந்து அபினை விட்டுவிட்டதாகச் சொன்னார். மறுபடியும் முதல் நாளிலிருந்து. நாற்பது நாள் ஆயிற்றாம் ஒழுங்காகத் தூக்கம் வர. காலை மிதிக்க ஆள் இல்லாததால் தண்டவாளக் கட்டையில் தேய்த்துக்கொண்டாராம். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சாப்பிட்டுப் போ,” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அப்பாவிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அம்மா சோறு போட்டார். நான் எதிரே உட்கார்ந்து ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் மாமா தலை நிமிராமல் சொன்னார்.

“அன்னிக்கு அத்தானுக்குத் தெரியாம பாப்பாகிட்டச் சொல்லி டப்பியக் குடுத்தியேக்கா. தப்புதான். ஆனா கிட்டங்கில கிடந்தப்ப அதத்தான் நெனைச்சுப்பேன். நமக்காகவும் எரக்கப்பட ஒருத்தி இருக்கான்னு. இல்லன்னா மொத வாரமே கடல்ல விழுந்திருப்பேன்.”

அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். அது உருண்டு கதவோரம் போயிற்று.

“ஆமாடா,” என்றார் அம்மா. “மனசு கேக்கல.”

பிறகு மாமாவின் இலையில் குழம்பை ஊற்றினார். அன்று இரவு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அம்மா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, நிம்மதியாக விளையாடப் போனேன்.